பதினெட்டு மார்க்

அந்த வார்டில் எல்லாரும் அவளை மார்க் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். டீச்சரெல்லாம் இல்லை, பள்ளிக்கூடத்துப் பக்கம் போயே முப்பது வருஷமாகிறது. நர்ஸ். ஆனால் தினமும் மதியம் இரண்டு மணிக்கு ஒரு அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு, கட்டில் கட்டிலாக நின்று, படுத்திருப்பவர்களுக்கு மார்க் போடுவாள். யாருக்குப் படுக்கைப்புண் வரப்பார்க்கிறது என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பதற்கான மார்க் அது. புண் வந்த பிறகு பார்த்து உச்சுக்கொட்ட எவ்வளவோ பேர் இருக்கிறார்கள். வருவதற்கு முன்னால் பார்க்கத்தான் ஆள் வேண்டும்.

தாளில் ஆறு கட்டம். வலியும் அழுத்தமும் உடம்புக்கு உறைக்கிறதா, தோல் ஈரத்தில் ஊறிக்கிடக்கிறதா, எழுந்து நடமாட்டம் உண்டா, படுத்த இடத்திலேயே புரண்டு கொடுக்க முடிகிறதா, சாப்பாடு இறங்குகிறதா, விரிப்பில் உரசி உரசிக் கீழே வழுக்குகிறாரா. முதல் ஐந்துக்கும் நாலு நாலு, கடைசிக்கு மட்டும் மூன்று. ஆக மொத்தம் இருபத்து மூன்று. இந்தப் பரீட்சையில் ஒரு வேடிக்கை, குறைய வாங்குகிறவருக்குத்தான் ராஜ உபசாரம். பன்னிரண்டு வாங்கினால் காற்று மெத்தை வரும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் வந்து புரட்டிவிடுவார்கள். இருபது வாங்கினவரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு அவள் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள்.

மதியம் இரண்டுக்கும் நாலுக்கும் நடுவில் அந்த வார்டில் வேறொரு காலம் நடக்கும். சாப்பாட்டுத் தட்டுகளோடு தள்ளுவண்டி போய்விட்டிருக்கும். பார்க்க வந்தவர்கள் நாற்காலியிலேயே தலை சாய்ந்துவிடுவார்கள். பச்சைத் திரையை இழுத்துவிட்டிருப்பதால் வெயில் உள்ளே வரும்போதே பச்சையாகத்தான் வரும். காற்று மெத்தைகளின் மோட்டார் கட்டிலுக்கடியில் மெல்ல மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும். மெத்தை ஒரு பக்கம் உப்பும், ஒரு பக்கம் வற்றும். அந்த நேரத்தில் ரப்பர் செருப்போடு நடந்தால், தான் நடக்கிறோமா, கட்டில்கள்தான் தன்னைத் தாண்டிப் போகின்றனவா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிடும். நின்றுகொண்டே கனவு காண்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. கண் திறந்திருக்கும், கை எழுதிக்கொண்டிருக்கும், கனவு அதுபாட்டுக்கு ஓடும். அதில் எல்லாரும் விரிப்புக்கு ஒரு விரற்கடை மேலே படுத்திருப்பார்கள். எதன்மேலும் எதுவும் அழுந்தாது. யாருக்கும் ஒன்றும் ஆகாது. அவளுக்கு வேலையே இருக்காது.

கனவு இல்லாத நேரத்தில் அவள் கண்ணுக்கு மனிதர்கள் எலும்பும் எடையுமாகத்தான் தெரிவார்கள். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகம் மனசில் தங்காது, அவர் எந்தப் பக்கம் பாரம் கொடுத்து உட்கார்ந்திருக்கிறார் என்பது தங்கும். தூக்கத்தில் தன்னை இவள் புரட்டிப் போட்டுவிடுகிறாள் என்று அவள் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை.

ஜன்னலோரக் கட்டிலுக்கு டிரைவர் வந்து சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்தது பன்னிரண்டு. முப்பத்தைந்து வருஷம் பஸ் ஓட்டியவர். பக்கவாதம் இடது பாதியை வாங்கிக்கொண்டு போய்விட்டது. இடது கை, கால் அசையாது; அந்தப் பக்கம் கிள்ளினாலும் உறைக்காது. பேச்சில் பத்துப் பன்னிரண்டு வார்த்தை மிச்சம், அதையும் நல்ல நாள் பார்த்துத்தான் எடுப்பார். எண்பது கிலோ. இப்படிப்பட்டவருக்குப் பன்னிரண்டே தாராளம். அன்றைக்கே காற்று மெத்தை போட்டாயிற்று.

அவர் மனைவியை வார்டு டிரைவரம்மா என்று கூப்பிட்டது. ஒல்லியான பெண்மணி, அறுபது தாண்டியிருக்கும். காலை பத்து மணிக்கு வந்து ஜன்னல் பக்க நாற்காலியில் உட்கார்ந்தால் இருட்டும்வரை எழுந்திருக்க மாட்டாள். வந்த மூன்றாம் நாளே மார்க் டீச்சரிடம் ஒட்டிக்கொண்டாள். அந்தத் தாளில் என்ன எழுதுகிறீர்கள், இந்தக் கட்டம் எதற்கு, இதில் நாலு வாங்க என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். இருபது வருஷ வேலையில் யாருமே இதைப் பற்றி ஆசையாகக் கேட்டதில்லை. மார்க் டீச்சர் குளிர்ந்துபோய் ஆறு கட்டத்தையும் விளக்கு விளக்கென்று விளக்கினாள். கேள்வித்தாளை வெளியே விட்டதே டீச்சர்தான் என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

டிரைவரம்மா அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. பெரிய டாக்டர் அவளை உட்கார வைத்து நேராகவே சொல்லிவிட்டார். அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை கூடிப் பேசுவோம், அன்றைக்கு உங்கள் வீட்டுக்காரர் பதினெட்டு தொட்டிருந்தால் வீட்டுக்குக் கூட்டிப்போகலாம், தொடாவிட்டால் ஊரின் மறுகோடியில் இருக்கும் நீண்டகாலப் பராமரிப்பு விடுதிக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கும் என்றார். அங்கே வாரத்துக்கு இரண்டு நாள், மணிக்கணக்குப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். அங்கே போனவர் திரும்பி வீட்டுக்கு வந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. டிரைவரம்மா சரி என்று தலையாட்டிவிட்டு வந்து, மதியம் அவருக்கு மூஞ்சி துடைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து மார்க் ஏறத் தொடங்கியது. பதின்மூன்று. இரண்டு நாளில் பதினைந்து. விரிப்பு எப்போது பார்த்தாலும் காய்ந்து மொடமொடவென்று இருக்கும். தட்டு கழுவி வைத்தது மாதிரி இருக்கும். வலிக்கிறதா என்று டிரைவரைக் கேட்டால், நேற்று இடது காலில் கொசு கடித்தது என்று சொன்னாரே என்று டிரைவரம்மா பதில் சொல்வாள். எல்லாவற்றுக்கும் மேலே, டீச்சர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டிரைவர் வலது கையை நீட்டி, ஜன்னல் பக்கக் கம்பியைப் பிடித்து, பல்லைக் கடித்து, எண்பது கிலோவையும் இழுத்து இடப்பக்கம் திரும்பிக் காட்டினார். டிரைவரம்மா அவர் தோளில் கை வைத்தபடி பக்கத்தில் நின்றாள், அவ்வளவுதான். மார்க் டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. புரளும் கட்டத்தில் மூன்று போட்டாள்.

மார்க் பதினாறு ஆன நாளில் தலைமை நர்ஸ் வந்து, இடுப்பெலும்பு முறிந்த தபால்காரர் ஒருவர் புதிதாக வந்திருக்கிறார், காற்று மெத்தை மூன்றுதான் இருக்கிறது, யாரிடமிருந்து எடுக்கலாம் என்று கேட்டாள். தாள் சொன்னபடி டிரைவரிடமிருந்துதான் எடுக்கலாம். மார்க் டீச்சர் கையெழுத்துப் போட்டாள். ஜன்னலோரக் கட்டிலுக்கடியில் மோட்டாரின் மூச்சுச் சத்தம் நின்றது, இரண்டு மணிக்கொருமுறை ஆள் வந்து புரட்டுவதும் நின்றது. டிரைவரம்மா அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டாள், ஒரு வகுப்புத் தாண்டிவிட்ட மாதிரி. திங்கட்கிழமை பதினேழு, புதன்கிழமை பதினெட்டு.

வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஜன்னல் பக்க நாற்காலி காலியாக இருந்தது. இத்தனை நாளில் முதல் தடவை. வழியில் ஏதோ மறியல், பஸ்கள் நின்றுவிட்டன என்று யாரோ சொன்னார்கள். காலையில் விரிப்பு மாற்றியவர்கள் திருப்பிவிட்டுப் போனபடியே டிரைவர் இடப்பக்கம் சாய்ந்து, அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். தட்டில் சாப்பாடு வைத்தது வைத்தபடி ஆறிக் கிடந்தது. விரிப்பின் நடுவில் கை வைத்தால் ஈரம்.

பாவம், மனைவி வராத ஏக்கம் என்றுதான் மார்க் டீச்சர் முதலில் நினைத்தாள். நினைத்துக்கொண்டே, பாதிக் கனவில், அவரை நேராகப் படுக்கவைக்க இடுப்புக்குக் கீழே கை கொடுத்தாள். கை அங்கேயே நின்றுவிட்டது. கதகதப்பாக இருந்தது. வெயில் பட்ட இடம் போலிருக்கிறது என்று கனவு சொன்னது. நல்ல இதமான சூடு; குளிர்காலத்தில் யாராவது உட்கார்ந்துவிட்டுப் போன நாற்காலியில் இருக்குமே, அந்தச் சூடு. வெயில் எப்படி வரும், திரை மூடித்தானே இருக்கிறது என்று யோசித்தபோது அவளுக்கு முழுசாக விழிப்பு வந்தது.

விரலால் அழுத்திப் பார்த்தாள். சுற்றிலும் தோல் குழைந்து கொடுத்தது, அந்த உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் விறைப்பு. கண்ணைக் கொண்டுபோய்ப் பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. சிவப்பைத் தேடு, அழுத்தினால் சிவப்பு வெளுக்கிறதா பார் என்கிறது படித்த புத்தகம். அதை எழுதியவர் எந்தத் தோலைப் பார்த்து எழுதினாரோ, நம் தோலில் சிவப்பாவது வெளுப்பாவது. டிரைவர் நல்ல கருப்பு. வெயிலில் முப்பத்தைந்து வருஷம் காய்ந்த கருப்பு. அந்தத் தோலை வாயால் கேட்டுப் பயனில்லை, கண்ணால் பார்த்துப் பயனில்லை, கையைத்தான் வைக்க வேண்டும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். பதினோரு நாளாக அவள் கை வைக்கவில்லை. அவர் திரும்பிக் காட்டினார், அவள் கைதட்டாத குறையாகப் பார்த்துவிட்டு மூன்று போட்டாள்.

உள்ளே சதை கனிந்துகொண்டிருக்கிறது, மேலே தோல் இன்னும் பொத்தி வைத்திருக்கிறது. பாரம் எடுத்துவிட்டால் ஆறிவிடும். எடுக்காவிட்டால் நாலைந்து நாளில் திறந்துகொள்ளும். திறந்தால் பிறகு மாதக்கணக்கு.

டிரைவரம்மா மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது மணி மூன்று. பாதித் தூரம் நடந்தே வந்திருந்தாள். தட்டைப் பார்த்தாள், விரிப்பைப் பார்த்தாள், டீச்சர் கையில் இருந்த தாளைப் பார்த்தாள். எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் முகம் பொய்யில் பிடிபட்ட முகமாக இல்லை. நாளைக்குத்தான் வெள்ளிக்கிழமை என்று தவிக்கும் முகமாக இருந்தது.

"இன்னைக்கு ஒரு நாள் பதினெட்டுன்னே போட்டுடுங்க டீச்சர்," என்றாள் மெதுவாக. "வீட்டுக்குப் போயிட்டா நான் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்குவேன்."

போடலாம். போட்டால் யாருக்கும் தெரியாது; நாளைக்குப் பெரிய டாக்டர் வந்து பார்த்தாலும் கண்ணுக்கு ஒன்றும் படாது. மார்க் டீச்சருக்குக் கோபம் வந்தது. முதலில் இந்த அம்மா மேல், அடுத்த மூச்சில் தன் மேல். அதைவிடப் பெரிதாக வந்தது பயம். அவள் டிரைவரம்மாவின் கையைப் பிடித்து, அவர் இடுப்பில் அந்த இடத்தில் வைத்தாள்.

"சுடுதே," என்றாள் டிரைவரம்மா.

"இப்ப பக்கத்துல வச்சுப் பாருங்க."

பக்கத்தில் சுடவில்லை. டிரைவரம்மா மறுபடி அந்த இடத்தைத் தொட்டாள், மறுபடி பக்கத்தில் தொட்டாள். விரல்கள் சின்னக் குழந்தையின் நெற்றியில் காய்ச்சல் பார்ப்பது போல அங்கேயும் இங்கேயும் போய்வந்தன. பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள். மார்க் டீச்சர் அது என்னவென்று சொன்னாள். எல்லாவற்றையும், தோல் திறந்துகொண்டால் என்ன ஆகும் என்பது வரை சொன்னாள்.

"இவருக்கு வலிச்சிருக்குமா?"

"இல்லம்மா. அந்தப் பக்கம்தான் அவருக்கு உறைக்காதே."

டிரைவரம்மா அவர் சட்டையை அந்த இடத்துக்கு மேலே இழுத்துவிட்டாள்.

"இவருக்கும் தெரியலை. உங்களுக்கும் தெரியலை. கூடவே உக்காந்திருந்த எனக்கும் தெரியலை. அப்ப யாருக்குத்தான் டீச்சர் தெரிஞ்சிருக்கும்?"

தனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும் என்று மார்க் டீச்சர் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அப்புறம் டிரைவரம்மா தானாகவே சொல்லத் தொடங்கினாள். தட்டைக் காலி செய்தது அவள்தான். அவர் நாலு வாய்க்கு மேல் விழுங்க மாட்டார், மிச்சத்தை இவள் திரைக்குப் பின்னால் நின்று அள்ளிப் போட்டுக்கொள்வாள். விரிப்பை ஒன்றரை மணிக்கு மாற்றிவிடுவாள், பழையது பைக்குள் போய்விடும். கொசுக்கடி சமாச்சாரம் சுத்தக் கற்பனை. திரும்பிக் காட்டியது மட்டும் பாதி நிஜம். கல்யாணத்துக்கு முன்னாலேயே அவர் ஓட்டிய பஸ்ஸில் அவள்தான் கண்டக்டர். கூட்டத்தில் குரல் எடுபடாதபோது மேலே தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினால் அவர் வண்டியை எடுப்பார், ஒரு தட்டுக்கு நிறுத்துவார். இப்போதும் தோளில் யாருக்கும் தெரியாமல் இரண்டு தட்டு வைப்பாள். மூளையில் என்னென்னவோ அழிந்துபோயும் அது மட்டும் அழியாமல் இருந்திருக்கிறது. தட்டிக்கொண்டே முட்டியை அவர் முதுகுக்குக் கொடுத்து, விரிப்பின் ஓரத்தைச் சுருட்டி இழுப்பாள். இத்தனை நாள் பழகியதில் கை படிந்துவிட்டது.

ஆனால் அந்தக் கம்பியைப் பிடித்து அவரால் இடப்பக்கம்தான் திரும்ப முடியும். திரும்பினால் தானாகத் திரும்பி வர முடியாது. அவரும் வரப் பார்க்கவில்லை, அந்தப் பக்கம்தானே இவள் நாற்காலி. மதியம் இரண்டிலிருந்து இருட்டும்வரை, உறைக்காத இடுப்பில் எண்பது கிலோவையும் இறக்கிவைத்துக்கொண்டு, அவர் இவளைப் பார்த்தபடியே கிடந்திருக்கிறார். காற்று மெத்தை இருந்த வரைக்கும் அது தாங்கிக்கொண்டது.

"சாப்பாட்டுக்கு ரெண்டுன்னு போடுங்க," என்றாள் டிரைவரம்மா. "புரள்றதுக்கும் ரெண்டு. உறைக்கிறதுக்கு..." அந்த இடத்தில் குரல் உடைந்துவிட்டது. மிச்சத்தை மார்க் டீச்சரே போட்டாள். கூட்டிப் பார்த்தால் வந்த அன்றைக்கு இருந்த அதே பன்னிரண்டு.

வெள்ளிக்கிழமைக் கூட்டம் பெரிய டாக்டரின் அறையில் நடந்தது. அவர் பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுகிறவர்; நல்லவர்தான், ஆனால் கழற்றி மாட்டுவதற்குள் முடிவெடுத்துவிடுகிறவர். மார்க் டீச்சர் ஒளிக்காமல் சொன்னாள். மெத்தையை எடுக்கக் கையெழுத்துப் போட்டது தான்தான், பதினோரு நாள் தொட்டுப் பார்க்காமல் மார்க் போட்டதும் தான்தான் என்றாள். டிரைவரம்மா தன் பங்கைச் சொன்னாள். தலைமை நர்ஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அப்படியானால் விடுதிக்கு எழுதிவிடலாம் என்று பேனா மூடி கழன்றது.

"பன்னெண்டு மார்க்கை வீட்டுக்கு எப்படிம்மா அனுப்பறது?" என்றார் பெரிய டாக்டர்.

மார்க் டீச்சர் பேசுவதற்கென்று எதுவும் யோசித்துக்கொண்டு வரவில்லை. நேற்று மதியத்திலிருந்து அவளுக்குக் கனவு வரவே இல்லை. அதனால்தானோ என்னவோ, வாய் தெளிவாகப் பேசியது.

"இந்தம்மா என்னை ஏமாத்தறதுக்காகத் தினம் ஒரு தடவை இவரைத் தனியாப் புரட்டியிருக்காங்க. எண்பது கிலோ. நாங்க ரெண்டு பேர் சேர்ந்துதான் புரட்டறோம். எனக்காக ஒரு தடவை செஞ்சதை அவருக்காகப் பன்னெண்டு தடவை செய்யச் சொல்லித் தரேன். மூணு வாரம் குடுங்க."

பெரிய டாக்டர் டிரைவரம்மாவின் கைகளைப் பார்த்தார். மணிக்கட்டு இரண்டும் குச்சி. மூடியை மாட்டிவிட்டு, மூன்று வாரம் என்றார்.

தபால்காரர் தேறி எழுந்து உட்கார்ந்திருந்ததால் காற்று மெத்தை ஜன்னலோரத்துக்குத் திரும்பியது. அந்த மூன்று வாரம் வார்டில் ஒரு புதுவகைப் பள்ளிக்கூடம் நடந்தது. முழுசாக இடுப்பின்மேல் படுக்கவைக்கக் கூடாது, தலையணை கொடுத்து லேசாகச் சாய்க்க வேண்டும். இழுக்கக் கூடாது, தூக்கி நகர்த்த வேண்டும். குதிகால் விரிப்பைத் தொடாமல் மிதக்க வேண்டும். டிரைவரம்மா எல்லாவற்றையும் டிக்கெட் கிழிக்கிற வேகத்தில் கற்றுக்கொண்டாள். எப்போது கை ஒழிந்தாலும் அந்த இடத்தைத் தொட்டுப் பார்ப்பாள். நாலாம் நாள் சூடு இறங்கியது. எட்டாம் நாள் பக்கத்துத் தோல் போலவே குழைந்து கொடுத்தது. அன்றைக்கு அவள் மார்க் டீச்சரைக் கூப்பிட்டு, கையைப் பிடித்து அங்கே வைத்து, ஆறிப்போச்சு பாருங்கள் என்று மட்டும் சொன்னாள்.

பதினான்கு மார்க்கோடு டிரைவர் வீட்டுக்குப் போனார். அந்த வார்டின் சரித்திரத்தில் பெயிலான ஒருவரை மாலை போடாத குறையாக வழியனுப்பி வைத்தது அதுதான் முதல் தடவை.

வாரம் ஒருமுறை போய்ப் பார்த்து மார்க் போட்டுக்கொண்டு வர வேண்டும் என்பது ஏற்பாடு. ஆறாவது வாரம் மார்க் டீச்சர் போனபோது மதியம் இரண்டு மணி. மாடியில் இரண்டு அறை வீடு. கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே மஞ்சள் திரை, அதனால் மஞ்சள் வெயில். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கடிகாரம், சுவரில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கோடு போட்ட தாள், எல்லாக் கோட்டுக்கும் நேரே ஒரு குறி. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. டிரைவரின் இடுப்பு, முதுகு, குதிகால் எல்லாம் தொட்டுப் பார்த்தாள், எங்கும் சூடு இல்லை. கொஞ்சம் சதைகூட வைத்திருந்தார்.

டிரைவரம்மாதான் இளைத்திருந்தாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவள், இரண்டு வார்த்தை பேசுவதற்குள் கழுத்து ஒடிந்து தூங்கிப்போனாள். ஒன்றரை மாசமாக அவள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போலத் தூங்கியிருக்கவில்லை. தூங்கும்போது அவள் வலது கை மடியில் இரண்டு இரண்டாகத் தட்டிக்கொண்டிருந்தது. மார்க் டீச்சரும் எழுந்துபோக மனசில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் வெளிச்சத்தில் மூன்று பேரும் எங்கேயோ மெல்லப் போய்க்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. வெகு நாளைக்குப் பிறகு அவளுக்கு அந்தக் கனவின் ஓரம் தட்டுப்பட்டது.

கடிகாரம் அடித்தது. டிரைவரம்மா அசையவில்லை.

டிரைவர் இடப்பக்கம் சாய்ந்து படுத்திருந்தார். அவரைத் திருப்ப வேண்டிய நேரம். மார்க் டீச்சர் எழப்போனாள். டிரைவர் வலது கையைத் தூக்கி அவளை நிறுத்தினார். பிறகு அந்தக் கையாலேயே கடிகாரத்தின் தலையில் ஒரு அழுத்து அழுத்திச் சத்தத்தை நிறுத்தினார். கண்ணை மனைவியிடமிருந்து எடுக்காமல், கட்டிலின் இடப்பக்கக் கம்பியில் உள்ளங்கையைப் பதித்துத் தள்ளினார்.

ஒன்றும் நடக்கவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்து மறுபடி தள்ளினார். கழுத்து நரம்பு புடைத்தது, நெற்றி வியர்த்தது, வலது முட்டி மடங்கி விரிப்பில் ஊன்றியது. மார்க் டீச்சரின் கை இரண்டும் துடித்தன. இருபது வருஷமாக இந்த மாதிரி நேரத்தில் அவை தானாகப் போய்த் தாங்கியே பழகியவை. அவள் அவற்றை முழங்காலுக்கு நடுவில் வைத்து இறுக்கிக்கொண்டாள். மூன்றாவது தள்ளலில் இடுப்பு மெத்தையிலிருந்து பெயர்ந்தது. இரண்டு விரற்கடை, அப்புறம் நாலு. பாரம் இடுப்பை விட்டு முதுகுக்கு மாறியது. டிரைவர் அப்படியே கிடந்து, வாயைத் திறந்து, சத்தமே வராமல் மூச்சு வாங்கினார். அவ்வளவுதான் முடிந்தது, அவ்வளவு போதும்.

கால் மணி நேரம் கழித்து டிரைவரம்மா தூக்கிவாரிப்போட்டு விழித்தாள். கடிகாரத்தைப் பார்த்துப் பதறி எழுந்து, விரிப்பின் ஓரத்தைச் சுருட்டப் போனவள் நின்றாள். அவர் அவள் விட்ட இடத்தில் இல்லை.

"நீங்க திருப்பினீங்களா டீச்சர்?"

"நான் எழுந்திருக்கவே இல்லம்மா."

டிரைவரம்மா அவரைப் பார்த்தாள். பிறகு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தை அவர் மார்பருகே வைத்துக்கொண்டு அழுதாள். மார்க் டீச்சர் தாளை எடுத்து, புரளும் கட்டத்தில் போட்டிருந்த இரண்டை அடித்துவிட்டு மூன்று என்று எழுதினாள்.